தட்டில் நார் எங்கே இருக்கிறது? வடசென்னை வீட்டுச் சமையலில் நார்ச்சத்தைக் கூட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

என் அண்ணன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார், வீடு காசிமேட்டில். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போக லாரிகள் வரிசை கட்டி நிற்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு வண்டி எப்போது நகரும் என்று தெரியாது, இறங்கி ஒதுங்கவும் வழி கிடையாது, அதனால் தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகிவிடுகிறார்கள். காலையில் நாலு இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் மீன் குழம்பும், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும், ராத்திரி பரோட்டா. இப்படியே பதினைந்து வருஷம். போன வருஷம் எட்டு மாதம் மலத்தோடு ரத்தம் போனதை யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டார். துணி துவைக்கும்போது அண்ணி கண்ணில் பட்டுத்தான் விஷயம் வெளியே வந்தது.

மருத்துவர் பரிசோதனை செய்து மூலம் என்று உறுதி செய்தார், களிம்பும் மாத்திரையும் எழுதினார், அப்புறம் நார்ச்சத்தும் தண்ணீரும் சேருங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்று ராத்திரி அண்ணி எனக்குப் போன் செய்து கேட்டது இதுதான்: "நார்ச்சத்துன்னா என்ன வாங்கணும் பாப்பா? மெடிக்கல்ல பவுடர் ஏதாவது விக்குதா?" அவருக்கு நான் சொன்னது, சொல்லிக் கொடுத்தது, நாங்கள் செய்து பார்த்துத் திருத்திக்கொண்டது எல்லாம் சேர்ந்ததுதான் இந்த வழிகாட்டி. நம் பகுதியில் நார்ச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. சுண்டல் வண்டியிலும் கூழ் வண்டியிலும் கீரைக்காரம்மா கூடையிலும் அது இருக்கிறது, நம் தட்டில்தான் சோறு அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

முதலில், அது உள்ளே போய் என்ன செய்கிறது

தாவர உணவில் நம் குடல் செரிக்க முடியாமல் விட்டுவிடும் பகுதிதான் நார்ச்சத்து. காய், கீரை, பழம், பயறு, தானியம், கடலை இவற்றில் மட்டும்தான் உண்டு. மீன், கறி, முட்டை, பால் இவற்றில் துளியும் கிடையாது. காசிமேட்டு வஞ்சிரம் எவ்வளவு சத்தான மீனாக இருந்தாலும் இந்தக் கணக்கில் அதற்குப் பூஜ்யம்தான்.

இதில் இரண்டு வகை. தண்ணீரில் கரையாத வகை, தானியத்தின் தவிட்டிலும் காய்கறியின் தோலிலும் தண்டிலும் இருப்பது, மலத்துக்குப் பருமன் கொடுத்துச் சீக்கிரம் நகர்த்தும். முக்கி முக்கிப் போக வேண்டிய நிலை இல்லாவிட்டால் ஆசனவாய் ரத்தக் குழாய்களில் அழுத்தம் குறையும், மூலத்துக்கு இதைவிடப் பெரிய ஒத்தாசை கிடையாது. கரையும் வகை வெண்டைக்காய், வெந்தயம், ஓட்ஸ், பயறு, கொய்யா மாதிரியானவற்றில் இருக்கிறது. வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்துக் காலையில் தொட்டுப் பாருங்கள், கொழகொழவென்று ஒட்டும். அந்தக் கொழகொழப்பு குடலுக்குள் சாப்பாட்டோடு கலந்து சர்க்கரை ரத்தத்தில் ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. பித்தநீரையும் பிடித்துக்கொண்டு வெளியே போகிறது. போன பித்தநீருக்குப் பதில் புதிதாகச் செய்ய ஈரல் ரத்தத்திலிருக்கும் கொழுப்பை எடுத்துப் பயன்படுத்துவதால் எல்.டி.எல் என்கிற கெட்ட கொழுப்பு கொஞ்சம் இறங்குகிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் மூன்றாவது. நாம் செரிக்காமல் விட்டது பெருங்குடலுக்குப் போனதும் அங்கே கோடிக்கணக்கில் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அதில் ஒரு பங்கைத் தின்று நொதிக்கவைக்கின்றன. அதிலிருந்து வரும் பியூட்டிரேட் என்கிற கொழுப்பு அமிலம்தான் பெருங்குடல் சுவரிலிருக்கும் செல்களுக்கு முக்கியமான சாப்பாடு. நாம் சாப்பிடுவது நமக்கு மட்டும் இல்லை, அவைகளுக்கும் சேர்த்துத்தான்.

பலன் எவ்வளவு என்று கேட்டால், 2019-இல் லான்செட் இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வைச் சொல்லலாம். 185 ஆய்வுகளையும் 58 மருத்துவச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்ததில், நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களுக்கு, குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட இதய நோய் மரணம், டைப் 2 சர்க்கரை நோய், பெருங்குடல் புற்றுநோய் எல்லாம் 15 முதல் 30 சதவீதம் வரை குறைவாக இருந்தது. ஒரு நாளைக்கு 25 முதல் 29 கிராம் வரை சாப்பிட்டவர்களிடம் நல்ல பலன் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் பெரியவர்களுக்குக் குறைந்தது 25 கிராம் என்று சொன்னது, நம் நாட்டுப் பரிந்துரை 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 30 கிராம். சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு வேண்டாம், 2 முதல் 5 வயது வரை 15 கிராம், 6 முதல் 9 வரை 21 கிராம், பத்து வயதுக்கு மேல் பெரியவர்கள் கணக்கேதான்.

படி 1: ஒரு நாள் கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஒரு காகிதம் எடுத்து நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை சாப்பிட்டதை எல்லாம் எழுதுங்கள், டீக்கடை வடையைக் கூட விடாமல். ஹைதராபாத்திலிருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி 100 கிராம் பச்சரிசியில் சுமார் 3 கிராம் நார்தான், புழுங்கல் அரிசியில் 4-க்கும் கொஞ்சம் கீழே, மைதாவிலும் 3-க்குள்தான். இதெல்லாம் சமைக்காத அரிசி, மாவு எடை, சோற்று எடை இல்லை.

அண்ணனுடைய பழைய சாப்பாட்டை அண்ணியும் நானும் இப்படிக் கூட்டினோம். நாலு இட்லியில் 3 கிராம், மதியச் சோற்றில் 4 அல்லது 5, குழம்பிலிருக்கும் தக்காளி வெங்காயம் புளியெல்லாம் சேர்த்து ஒன்றோ இரண்டோ, பரோட்டா இரண்டுக்கு 3 கிராம், சட்னியில் ஏதோ கொஞ்சம். எவ்வளவு தாராளமாகப் போட்டாலும் 14 கிராமைத் தாண்டவில்லை. வயிறு முட்டச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மனிதருக்குத் தேவையில் பாதிகூட உள்ளே போகவில்லை. கூட்டி முடித்துவிட்டு அண்ணி கொஞ்ச நேரம் ஒன்றுமே பேசவில்லை.

படி 2: மதியத் தட்டில் இடம் மாற்றுங்கள்

எல்லா வீட்டிலும் முதலில் சோறு, மலை மாதிரி. பொரியல் ஓரத்தில் ஊறுகாய் அளவுக்கு. இதைத் திருப்ப வேண்டியதில்லை, சரிபாதி ஆக்கினால் போதும். தட்டில் முதலில் கீரையையும் பொரியலையும் வையுங்கள், பாதித் தட்டு நிறையட்டும், மீதி இருக்கிற இடத்தில் சோறு போடுங்கள். மீன் குழம்பு அப்படியே இருக்கட்டும், அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வேண்டுமானால் அந்தக் குழம்பிலேயே முருங்கைக்காயோ கத்தரிக்காயோ மாங்காயோ சேருங்கள், கருவாட்டுக் குழம்பில் கத்தரிக்காய் போடுவது நமக்குப் புதிதில்லையே.

தண்டையார்பேட்டை மார்க்கெட்டிலோ உங்கள் தெரு முனையிலோ கிடைக்கிற கீரை எதுவாக இருந்தாலும் சரி. முருங்கைக்கீரை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், 100 கிராமில் 8 கிராம் நார், மற்ற கீரைகளைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. காயில் அவரை, கொத்தவரை, பீன்ஸ், வெண்டை, கத்தரி எல்லாம் 100 கிராமுக்கு 4 கிராம் அளவில் தரும். சுரைக்காய், புடலங்காய் மாதிரி நீர்க்காய்களில் அதைவிடக் குறைவு, ஆனால் வயிற்றுக்கு இதம். தோல் சீவாமல் சமைக்க முடிந்ததை அப்படியே சமையுங்கள். காயை மசிய மசிய வேகவைக்கவும் வேண்டாம், கடித்தால் பல்லில் தெரிய வேண்டும்.

படி 3: ராத்திரி படுக்கும் முன் ஒரு கை கொண்டைக்கடலை ஊறப்போடுங்கள்

இந்த ஒரு படியை மட்டும் செய்தால்கூடப் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. கறுப்புக் கொண்டைக்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் நார் இருக்கிறது. ஒரு கை கடலை என்றால் சுமார் 30, 40 கிராம், அதிலேயே 8 முதல் 10 கிராம் வந்துவிடும். முழுப் பச்சைப்பயறில் 17, காராமணியில் 11-க்கு மேல். தோல் நீக்கிய பருப்பில் குறையும், துவரம்பருப்பில் 9 கிராம்தான், அதையும் சாம்பாரில் எத்தனை கரண்டி போடுகிறோம்?

ராத்திரி எட்டு மணி நேரமாவது ஊறட்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். வாயுத் தொல்லை இதிலேயே கொஞ்சம் குறையும். குக்கரில் நாலைந்து விசில், அப்புறம் கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், கடைசியில் தேங்காய்த் துருவலும் பொடியாக நறுக்கிய மாங்காயும். பீச்சில் காகிதச் சுருளில் வாங்கித் தின்கிற அதே சுண்டல்தான். அண்ணி இதை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் கொடுத்துவிடுகிறார், லாரி வரிசையில் நிற்கும்போது ஸ்பூன் போட்டுச் சாப்பிட இதைவிட வசதியான பண்டம் இல்லை. பிஸ்கட் பாக்கெட் தானாகக் குறைந்துவிட்டது. சுண்டல் சாப்பிட்டு ஐந்து மணி நேரத்துக்குப் பசியே எடுக்கவில்லை என்று அவரே சொன்னார்.

படி 4: வாரத்தில் சில நாள் தானியத்தை மாற்றுங்கள்

ஆடி மாதம் வந்தால் ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி எங்கே போனாலும் அம்மன் கோயில் வாசலில் அண்டா அண்டாவாகக் கேழ்வரகுக் கூழ். அப்புறம் பதினொரு மாதத்துக்கு மறந்துவிடுகிறோம். கேழ்வரகில் 100 கிராமுக்கு 11 கிராம் நார், கம்பிலும் அதே அளவு, அரிசியைப்போல் மூன்று நாலு மடங்கு. நொய்யை வேகவைத்து, முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்த கேழ்வரகு மாவை ஊற்றிக் கட்டி தட்டாமல் கிண்டி, மறுநாள் மோர் விட்டுக் கரைத்தால் நாலு பேருக்குக் காலைச் சாப்பாடு முடிந்தது. சின்ன வெங்காயமும் கொத்தவரை வத்தலும் தொட்டுக்கொள்ளுங்கள். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஒரு விஷயம், மாவைச் சலித்துச் சலித்து, துணியில் வடிகட்டிக் கஞ்சி காய்ச்சினால் மென்மையாக இருக்கும், ஆனால் நார் துணியிலேயே தங்கிவிடும். கைக்குழந்தைக்கு அப்படிச் செய்யலாம், நமக்கு வேண்டாம்.

ரேஷனில் கோதுமை போடும்போது விட்டுவிடாமல் வாங்கி மில்லில் கொடுத்து அரைத்து வையுங்கள். சலிக்காத கோதுமை மாவில் 11 கிராம் நார், மைதாவில் 3-க்குள், ராத்திரிப் பரோட்டா நாலு நாள் சப்பாத்தியானால் எவ்வளவு வித்தியாசம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பரோட்டாவை அடியோடு விடச் சொன்னால் நடக்காது, அண்ணனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று ஒப்பந்தம்.

பழைய சோற்றையும் சொல்லிவிடுகிறேன். சோறு ஆறும்போது அதிலிருக்கும் மாவுச்சத்தில் ஒரு சிறு பகுதி இறுகி, செரிக்காத மாவுச்சத்தாக மாறுகிறது, அது நார் மாதிரியே பெருங்குடல் வரைக்கும் போய்ச் சேருகிறது. நம் ஸ்டான்லி மருத்துவமனையில் பழைய சோற்றை வைத்து ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. ஆனாலும் அது சோறுதான், சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவோடுதான் எடுக்க வேண்டும், வெயில் காலத்தில் வாடை மாறியிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

படி 5: வாழைத்தண்டு, வாரம் ஒரு முறை

அத்தோ கடையில் நின்று சாப்பிட்டிருக்கிறீர்களா? பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த நம் மக்கள் கொண்டுவந்த சாப்பாடு, பாரிமுனைப் பக்கமும் வியாசர்பாடியிலும் சாயங்காலமானால் கூட்டம் நிற்கும். அத்தோ மைதா நூடுல்ஸ்தான், ஆனால் கூடவே கிண்ணத்தில் ஊற்றித் தருகிற வாழைத்தண்டு சூப்பும், வாழைத்தண்டு போட்ட மொய்ங்கா என்கிற நூடுல்ஸ் குழம்பும் அருமையான விஷயம். நூடுல்ஸைக் குறைத்து முட்டைக்கோஸை அதிகம் போடச் சொல்லிக் கேளுங்கள், போட்டுத் தருவார்கள்.

வீட்டில் செய்யப் பலரும் தயங்குவது நறுக்குகிற வேலைக்காக. வெளிப்பட்டையை உரித்துவிட்டு, உள்ளே வெள்ளையாக, தட்டினால் கெட்டியாக இருக்கும் தண்டை மெல்லிய வட்டங்களாக நறுக்குங்கள். கத்தி ஒரு வட்டத்தை அறுத்து எடுக்கும்போதே இரண்டுக்கும் நடுவில் சிலந்தி நூல் மாதிரி ஒரு நார் இழுத்துக்கொண்டு வரும். ஆள்காட்டி விரலை அதில் விட்டுச் சுற்றிக்கொள்ள வேண்டும், அடுத்த வட்டம், இன்னொரு சுற்று, முடிக்கும்போது விரலில் பஞ்சு மோதிரம் போட்ட மாதிரி ஆகிவிடும். அதைத் தூக்கிப் போட்டால் நார்ச்சத்து போய்விடாதா என்று அண்ணி கேட்டார். இல்லை, தொண்டையில் சிக்கும் நீள நூலை மட்டும்தான் எடுக்கிறோம், தண்டின் சதைக்குள் இருப்பது அப்படியே இருக்கிறது. நறுக்கியதை மோர் கலந்த தண்ணீரில் போட்டால் கறுக்காது. பாசிப்பருப்பு சேர்த்துக் கூட்டாகவோ, தேங்காய் போட்டுப் பொரியலாகவோ செய்யலாம். ஜூஸாக அடித்து வடிகட்டிக் குடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன், நாரெல்லாம் வடிகட்டியிலேயே நின்றுவிடும்.

படி 6: பழத்தைக் கடித்துச் சாப்பிடுங்கள்

கொய்யா. தள்ளுவண்டியில் நாலாகக் கீறி உப்பு மிளகாய்த்தூள் தடவித் தருகிறார்களே, அதுதான். 100 கிராமில் 8 கிராமுக்கு மேல் நார். வாழைப்பழத்தில் 2 கிராம் அளவுதான். கரும்பு ஜூஸில் ஒன்றுமே இல்லை, நாரெல்லாம் சக்கையாக வண்டிக்கு அடியில் கிடக்கிறது. மற்ற ஜூஸ்களுக்கும் இதே கதைதான்.

வேகமும் தண்ணீரும்: எல்லாரும் தப்பு செய்கிற இடம்

நாங்களும் இங்கேதான் தப்பு செய்தோம். அண்ணி ஆர்வத்தில் முதல் நாளே கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, சப்பாத்தி, இரண்டு கொய்யா என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார். ராத்திரி முழுக்க வயிறு உப்பி, வாயு பிரிந்து, அண்ணன் தூங்கவே இல்லை. மறுநாள் "இந்த நார்ச்சத்து எனக்கு ஒத்துக்கலம்மா, விட்டுடு" என்று கையைக் கூப்பிவிட்டார். நியாயம்தான், பதினைந்து வருஷமாகப் பட்டினி கிடந்த பாக்டீரியாக்களுக்குத் திடீரென்று கல்யாண விருந்து போட்டால் வாயு வரத்தான் செய்யும். பிறகு முதல் வாரம் பொரியல் மட்டும் கூட்டினோம், இரண்டாவது வாரம் இரண்டு ஸ்பூன் சுண்டல், மூன்றாவது வாரம் கூழ், நாலாவது வாரம் சப்பாத்தி என்று போனோம். ஒரு மாதத்தில் 30 கிராமை எட்டிவிட்டார், வயிறும் பழகிவிட்டது.

தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் கூட்டினால் மலம் இன்னும் கெட்டியாகும், மலச்சிக்கல் முன்பைவிட மோசமாகும். கரையும் நார் தண்ணீரை உறிஞ்சித்தான் மலத்தை மென்மையாக்குகிறது, உறிஞ்சத் தண்ணீர் வேண்டாமா? சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டு லிட்டர், வெயிலில் உழைப்பவர்களுக்கு அதற்கும் மேல். சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் சரியாகக் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அண்ணன் மாதிரி ஒதுங்க இடமில்லாத வேலை பார்ப்பவர்கள் காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர், வேலைக்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாக வாய் நனைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் மீதி என்று பிரித்துக்கொள்ளலாம். இதய நோயோ சிறுநீரக நோயோ இருந்து தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் மருத்துவர் சொன்ன அளவுதான்.

பவுடர் வாங்கலாமா?

மெடிக்கலில் விற்கிற இசப்கோல், அதாவது ஒரு விதையின் உமி, நல்ல பொருள்தான், சாப்பாட்டால் மட்டும் சரியாகாத மலச்சிக்கலுக்கு மருத்துவர்களே எழுதுகிறார்கள். ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்துவிட வேண்டும், கட்டியாகும் வரை வைத்திருந்தாலோ உலர்வாக வாயில் போட்டாலோ தொண்டையில் அடைக்கும். தைராய்டு மாத்திரையோ இரும்புச்சத்து மாத்திரையோ எடுப்பவர்கள் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி விடுங்கள், நார் மாத்திரையை உறிஞ்சவிடாமல் தடுக்கும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ போடுபவர்கள் சாப்பாட்டை மாற்றுகிற வாரங்களில் சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள், இறங்க வாய்ப்புண்டு.

நார்ச்சத்து பிஸ்கட் என்று விற்பதை வாங்குமுன் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். நார்ச்சத்து நிறைந்தது என்று போட வேண்டுமானால் 100 கிராமில் 6 கிராமாவது இருக்க வேண்டும் என்பது விதி. இருக்கட்டும், ஆனால் இரண்டு பிஸ்கட்டின் எடை 20 கிராம்கூட வராது, அதில் கிடைக்கும் நார் ஒரு ஸ்பூன் சுண்டலுக்கு ஈடாகுமா?

யார் பொறுத்திருக்க வேண்டும், யார் உடனே போக வேண்டும்

குடல் அடைப்பு வந்தவர்கள், சமீபத்தில் குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், குடல் அழற்சி நோய் தீவிரமாக இருப்பவர்கள் இதையெல்லாம் தானாகத் தொடங்க வேண்டாம். சிறுநீரக நோயாளிகளுக்குக் கீரையிலும் பழத்திலும் பயறிலும் இருக்கிற பொட்டாசியம் சிக்கலாகலாம், கேட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

மலத்தில் ரத்தம், தார் மாதிரி கறுப்பு மலம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மலம் போகும் பழக்கம் மாறுவது, வீட்டில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்தது. இதில் ஒன்று இருந்தாலும் சுண்டல் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். மூலமாகத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யவும் வேண்டாம், மூலத்துக்கும் புற்றுநோய்க்கும் ரத்தம் ஒரே மாதிரி போகலாம், பரிசோதித்தால்தான் தெரியும். அண்ணனுக்கு மூலமாக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். கூச்சமாக இருந்தால் வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் காலையில் சீக்கிரம் கிளம்பி ஸ்டான்லி புறநோயாளிகள் பிரிவுக்குப் போய் சீட்டு எடுத்து உட்காருங்கள், உள்ளே போனதும் ரத்தம் எத்தனை நாளாகப் போகிறது என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள்.